பதின்ம வயதுப் பிள்ளைக்கு வழிகாட்டியாகச் சேர்ந்திருக்கிறீர்களா? எங்கிருந்து தொடங்குவது

தன்னார்வ வழிகாட்டியாகப் புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "நான் என்ன சொல்லிக் கொடுக்கணும்?" என்றுதான். சொல்லிக் கொடுக்கப் பெற்றோர், ஆசிரியர், சொந்தக்காரர்கள், யூடியூப் என்று ஏற்கெனவே பெரிய கூட்டமே இருக்கிறது. வாராவாரம் சொன்ன நேரத்துக்கு வந்து, மார்க் எவ்வளவு என்று கேட்காமல் உட்கார்ந்து பேசும் பெரியவர்தான் கிடைப்பதில்லை.

அப்படி ஒருவர் இருந்தால் என்ன ஆகும்? ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தது. வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சிக்கல்களை ஒருசேரச் சந்தித்த பிள்ளைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நல்லபடியாகவே வளர்ந்து நின்றார். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட ஒரு விஷயம், நம்பிப் பேச ஒரு பெரியவராவது இருந்தது. தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் என்று அது யாராகவும் இருந்தது. உளவியல் பட்டம் பெற்றவராக இருக்க வேண்டிய அவசியம் இல்லை.

படி 1: சேரும் முன் உங்கள் காலண்டரைப் பாருங்கள்

அடுத்த ஓராண்டில் வேலை மாற்றம், வெளியூர்ப் பயணம், கல்யாணம், தேர்வு ஏதாவது இருக்கிறதா? இருந்தால் இப்போதே யோசித்துவிடுங்கள். ஜீன் கிராஸ்மனும் ஜீன் ரோட்ஸும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டைத் தாண்டி நீடித்த வழிகாட்டி உறவுகளில்தான் பலன் அதிகம் தெரிந்தது. மூன்று மாதத்துக்குள் முறிந்துபோனவற்றில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது, பாதியில் விட்டுப் போவது "ஏதோ கொஞ்சம் செய்தோம்" என்று கணக்கில் சேராது, பிள்ளைக்கு நஷ்டம்தான். ஏற்கெனவே சிலர் விட்டுப் போனதைப் பார்த்த பிள்ளையாக இருந்தால், "பாத்தியா, இவரும் போயிட்டார்" என்றுதான் அதன் மனசு சொல்லும்.

ஓராண்டு முடியாது என்றால் ஒரு நாள் பயிலரங்கு, குழுவாகப் பாடம் சொல்லிக் கொடுப்பது போன்ற வேலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் நல்ல வேலைதான்.

படி 2: அமைப்பின் விதிகளைக் கேட்டு வாங்குங்கள்

தனியாக, தெரிந்தவர் மூலமாக என்று ஆரம்பிக்க வேண்டாம். பின்னணி விசாரணை, பயிற்சி, பெற்றோரின் எழுத்துப்பூர்வ சம்மதம், ஒரு ஒருங்கிணைப்பாளர் ஆகிய நான்கும் உள்ள அமைப்பில் சேருங்கள். விசாரணை எதுவும் இல்லாமல் "வாங்க, நாளைக்கே ஆரம்பிச்சிடலாம்" என்று சொல்லும் இடம் எனக்குச் சரியாகப் படவில்லை. உங்களிடம் எதையும் கேட்காதவர்கள் வேறு யாரிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.

சந்திப்பு மற்றவர்கள் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கட்டும். எந்த எண்ணில், எந்த நேரம் வரை மெசேஜ் அனுப்பலாம், போட்டோ எடுக்கலாமா, பரிசு கொடுக்கலாமா என்பதையெல்லாம் முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ளுங்கள். இந்த விதிகள் பிள்ளையைக் காப்பதோடு உங்களையும் காக்கும்.

படி 3: அந்த வயதில் உடம்பும் மூளையும் செய்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

திட்டமிடவும் அவசரத்தை அடக்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்ந்துகொண்டே இருக்கிறது. ஆசையையும் உணர்ச்சியையும் தூண்டும் பகுதிகளோ பருவமடையும்போதே வேகமெடுத்துவிடுகின்றன. நண்பர்கள் பக்கத்தில் இருந்தால் இந்த இடைவெளி இன்னும் பெரிதாகிறது. கார் ஓட்டும் கணினி விளையாட்டை வைத்து மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் 2005இல் செய்த சோதனையில், 13 முதல் 16 வயதுள்ளவர்கள் தனியாக ஆடியதைவிட நண்பர்கள் பார்க்கும்போது அதிகமாகத் துணிந்தார்கள். 24 வயதைத் தாண்டியவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. "தனியா இருக்கும்போது நல்ல பையன், கூட்டம் சேர்ந்தா மாறிடறான்" என்று வீட்டில் புலம்புவது வெறும் புலம்பல் இல்லை.

தூக்கத்தையும் கவனியுங்கள். பருவ வயதில் தூக்கம் வரவழைக்கும் மெலடோனின் சுரப்பு இரவில் தள்ளிப்போகிறது. 13 முதல் 18 வயது வரை ஒரு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நள்ளிரவு தாண்டியும் தூங்காத பிள்ளை காலை ஆறு மணிக்கு எழுப்பப்பட்டால் எரிந்து விழத்தான் செய்யும். அதைத் திமிர் என்று முடிவுகட்டும் முன் நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாய் என்று கேளுங்கள்.

படி 4: முதல் சில சந்திப்புகள்

எதிரெதிரே உட்கார்ந்து கேள்வி கேட்டால் நேர்முகத் தேர்வு போல ஆகிவிடும். பக்கத்தில் நடந்துகொண்டோ, எதையாவது சேர்ந்து செய்துகொண்டோ பேசுங்கள். கண்ணைப் பார்க்கத் தேவையில்லாதபோது பேச்சு தானாக வரும். என்ன செய்யலாம் என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். "எதுனாலும் ஓகே" என்று பதில் வந்தால் இரண்டைச் சொல்லி ஒன்றை எடுக்கச் சொல்லுங்கள்.

அண்ணா, அக்கா, பெயர் சொல்லி என்று எப்படிக் கூப்பிட விரும்புகிறார்கள் என்பதையும் அவர்களிடமே விடுங்கள்.

முதல் சந்திப்பிலேயே ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: "நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ வேற யாருக்கோ ஆபத்துன்னு தோணினா, உன்னை யாராவது துன்புறுத்தினா, உதவி செய்யக்கூடியவங்ககிட்ட சொல்லியாகணும். அப்படிச் சொல்றதுக்கு முன்னாடி உன்கிட்ட சொல்லிட்டுதான் செய்வேன்." இதை முதலிலேயே சொல்லாமல், பின்னால் "யார்கிட்டயும் சொல்லாதீங்க, சத்தியமா?" என்று கேட்கும்போது தலையாட்டிவிட்டால் தப்ப வழியில்லை. சத்தியத்தை மீறினால் நம்பிக்கை போகும், மீறாவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து.

படி 5: கேட்கப் பழகுங்கள்

கஷ்டமான படி இதுதான். பதினைந்து வயதுப் பையன் ஒருவன், "படிச்சு மட்டும் என்ன ஆகப்போகுது" என்கிறான் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு உடனே நாக்கு நுனியில் வந்து நிற்பவை மூன்று: "அப்படியெல்லாம் பேசக் கூடாது", "உன் வயசுல நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா", "எல்லாம் சரியாயிடும்". மூன்றுமே பேச்சை அங்கேயே முடித்துவைக்கும். முதலாவது அதட்டல், இரண்டாவது உங்கள் கதை. மூன்றாவது கேட்க ஆறுதலாக இருக்கும், ஆனால் அவன் என்ன சொல்ல வந்தான் என்பது உங்களுக்குத் தெரியாமலே போய்விடும்.

இப்படி முயன்று பாருங்கள்.

"படிச்சு மட்டும் என்ன ஆகப்போகுது."

"ரொம்ப அலுத்துப் போச்சு போல."

"அலுப்பெல்லாம் இல்ல. எவ்வளவு பண்ணாலும் பத்தாதுன்றாங்க."

"எவ்வளவு பண்ணாலும் பத்தாதுன்னு... யாரு, வீட்லயா?"

"அப்பா. போன தடவைக்கு இப்ப மார்க் கூடத்தான். அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல."

இந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாக இருங்கள். அடுத்ததை அவனே சொல்வான். முதலில் நீங்கள் ஊகித்தது தவறு என்பதைக் கவனித்தீர்களா? அலுப்பு இல்லை என்று அவனே திருத்தினான். ஊகம் தவறாக இருந்தாலும் பரவாயில்லை, திருத்துவதற்கு இடம் கொடுத்தால் போதும். அவன் வார்த்தையையே திருப்பிச் சொல்வதும், "ஏன்?" என்று குடையாமல் "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேட்பதும் பலன் தரும். "ஏன் அப்படிப் பண்ணினே?" என்று கேட்டாலே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது போலத்தான்.

அப்பாவைக் குறை சொல்லி அவன் பக்கம் சேர்ந்துவிடாதீர்கள். "அது வலிச்சிருக்கும்" என்று சொன்னால் போதும். இரவு அவன் அதே வீட்டுக்குத்தான் போக வேண்டும்.

அறிவுரை சொல்லவே கூடாதா? சொல்லலாம், கேட்டுவிட்டு. "எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லட்டுமா?" வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

படி 6: சின்ன இலக்கு, அவர்களுடைய இலக்கு

நீங்கள் ஆசைப்படும் இலக்கை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். படம் வரைய ஆசைப்படும் பெண்ணிடம் "இந்த மாதம் என்ன வரையலாம்?" என்று கேட்டு, அதை வாரத்துக்கு ஒரு வேலையாகப் பிரித்துக்கொள்ளுங்கள். "நீ புத்திசாலி" என்று சொல்வதைவிட, "கை வரையவே வராதுன்னு சொன்னே, நாலு தடவை அழிச்சு வரைஞ்சே, இப்ப விரல் சரியா வந்திருக்கு" என்று பார்த்ததைச் சொல்லுங்கள். புத்திசாலி என்ற பட்டத்தைக் காப்பாற்றத் தோன்றினால், கடினமான எதையும் தொடவே பயம் வந்துவிடும்.

படி 7: எப்போது கவலைப்பட வேண்டும்

மனநோய்களில் மூன்றில் ஒரு பங்கு 14 வயதுக்கு முன்பும், பாதி 18 வயதுக்கு முன்பும் தொடங்குவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் பலருக்கு அது கண்டுபிடிக்கப்படுவதில்லை, சிகிச்சையும் கிடைப்பதில்லை. நோயைக் கண்டறிவது உங்கள் வேலை இல்லை. மாற்றம் கண்ணில் படுவதும், உரியவரிடம் சேர்ப்பதும்தான் உங்கள் வேலை.

ஒரு மோசமான நாள் யாருக்கும் வரும். வாடிய முகம், பிடித்ததில்கூட ஆர்வமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், நண்பர்களிடமிருந்து விலகல் ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் தொடர்ந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் பேசுங்கள். இந்த வயதில் மனச்சோர்வு அழுகையாக வெளிப்படாமல் சிடுசிடுப்பாக வெளிப்படலாம். "இப்பெல்லாம் எதுக்கெடுத்தாலும் கத்தறா" என்று வீட்டில் சொன்னால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உடம்பில் காயங்கள், வெயிலிலும் முழுக்கைச் சட்டை, தனக்குப் பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுவது, "நான் இல்லேன்னா எல்லாருக்கும் நிம்மதி" போன்ற பேச்சு ஆகியவற்றைப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். அன்றே நேராகக் கேளுங்கள்: "செத்துப்போயிடலாம்னு தோணுதா? தற்கொலை எண்ணம் வந்திருக்கா?" கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் தயங்குகிறார்கள். அமெரிக்காவில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் செய்து 2005இல் வெளியான ஆய்வில், இந்தக் கேள்வி கேட்கப்பட்டவர்களிடம் மன உளைச்சலோ தற்கொலை எண்ணமோ கூடவில்லை. கேட்கும் குரல் பதறாமல் இருக்கட்டும், அவ்வளவுதான்.

"ஆமாம்" என்று பதில் வந்தால் திட்டாதீர்கள், விவாதிக்காதீர்கள். "சொன்னதுக்கு நன்றி. நான் இங்கேயேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தனியே விடாமல் ஒருங்கிணைப்பாளரைக் கூப்பிடுங்கள். எப்படி என்று திட்டமே வைத்திருந்தாலோ, கையில் மாத்திரை, கத்தி ஏதாவது இருந்தாலோ, அதை அப்புறப்படுத்தி உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்கோ உதவி எண்ணுக்கோ போக வேண்டும். அந்த எண்களைப் பயிற்சி நாளிலேயே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

யாராவது துன்புறுத்துகிறார்கள் என்று சொன்னால் துருவி விசாரிக்காதீர்கள். பிள்ளை சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதிக்கொண்டு, அன்றே அமைப்புக்குத் தெரிவியுங்கள். துன்புறுத்துபவர் வீட்டிலேயே இருக்கலாம் என்பதால் நீங்களாகப் பெற்றோரைக் கூப்பிட வேண்டாம்.

படி 8: பெற்றோரிடம்

மற்ற நேரங்களில் நல்ல உறவு வைத்திருங்கள். ஒற்றராக மட்டும் ஆகிவிடாதீர்கள். "என்ன சொன்னான்?" என்று கேட்டால், "அதை அவனே சொன்னா நல்லா இருக்கும். ஆபத்தான விஷயம்னா கண்டிப்பா உங்ககிட்ட வரும்" என்று சொல்லிவிடலாம்.

படி 9: உங்களையும், முடிவையும்

இரவெல்லாம் அந்தப் பிள்ளையையே நினைத்துத் தூங்காமல் கிடந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். பாரத்தைத் தனியாகச் சுமக்கும் வழிகாட்டிகள்தான் சீக்கிரம் விலகிவிடுகிறார்கள்.

முடிக்க வேண்டிய நாள் வரும்போது குறைந்தது ஒரு மாதம் முன்னாலேயே சொல்லுங்கள். காரணத்தையும் சொல்லுங்கள், இல்லையென்றால் "நான் ஏதோ தப்புப் பண்ணிட்டேன்" என்று பிள்ளை தானாக ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்ளும். கடைசிச் சந்திப்பில் என்ன செய்யலாம் என்று அவர்களே முடிவு செய்யட்டும். "எப்பவும் டச்ல இருப்பேன்" என்று வாய் தவறியும் சொல்லாதீர்கள். அமைப்பு அனுமதித்து, உங்களாலும் முடியும் என்றால் மட்டும், எந்த எண்ணில், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை என்று குறிப்பாகச் சொல்லுங்கள். அடுத்து வரும் வழிகாட்டிக்கு என்னென்ன சொல்லலாம் என்பதையும் பிள்ளையிடம் கேட்டு எழுதிக் கொடுங்கள். அதில் வேண்டாம் என்று அவர்கள் அடித்த வரிகளை எடுத்துவிட்டே ஒருங்கிணைப்பாளரிடம் கொடுங்கள். பாதுகாப்பு சம்பந்தப்பட்டவை ஏற்கெனவே அவர் கையில் இருக்கும்.