எஃகு அளவுகோலும் வைஸும்: அதிர்வியலின் முதல் ஆய்வு

அதிர்வியல் வகுப்பின் முதல் ஆய்வாக, ஒரு முனை இறுகப் பிடிக்கப்பட்ட எஃகு அளவுகோலின் இயல் அதிர்வெண்ணை (தட்டிவிட்டால் அது தானாக நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதை) அளப்பதையே நான் கொடுக்கிறேன். அளவுகோல், வைஸ் (பொருளை இறுகப் பிடிக்கும் இரும்புப் பிடிகருவி), திருகு அளவி, நொடிக்கு 240 சட்டகங்கள் பதியும் கைப்பேசி ஆகியவை போதும். கைப்பேசியை அளவுகோலின் மேலேயே ஒட்டி அதன் முடுக்கமானியால் அளப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. 60 கிராம் அளவுகோலின் மீது அதைப்போல் மூன்று மடங்கு எடையை ஏற்றிய பிறகு நாம் அளப்பது வேறொரு பொருளின் அதிர்வெண்.

முதலில் தடிமனைத் திருகு அளவியால் அளக்கவும். அதில் பத்து விழுக்காடு பிழை வந்தால் விடையிலும் அதே அளவு பிழை வரும். அகலம் சூத்திரத்தில் அடிபட்டுப்போகிறது.

யங் குணகத்தை (பொருளின் விறைப்பைக் குறிக்கும் எண்) அடர்த்தியால் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, அதைத் தடிமனாலும் 0.1615ஆலும் பெருக்கி, பிடிக்கு வெளியே நீண்டிருக்கும் பகுதியின் நீளத்தின் (நீட்சியின்) வர்க்கத்தால் வகுக்கவும். 1 மி.மீ. தடிமனும் 250 மி.மீ. நீட்சியும் கொண்ட எஃகுக்கு ஏறத்தாழ 13 ஹெர்ட்ஸ் வரும்.

நுனியைச் சில மி.மீ. அழுத்தி விட்டுப் பக்கவாட்டிலிருந்து படமெடுத்து, 10 அலைவுகளுக்கான சட்டகங்களை எண்ணவும்.

நான் தடுமாறியது இங்கேதான். எனக்கு 198 சட்டகங்கள், அதாவது 10 × 240 ÷ 198 = 12.1 ஹெர்ட்ஸ் கிடைத்தது. சூத்திரத்தைப் பலமுறை சரிபார்த்த பிறகே, அளவுகோலை மர மேசையின் விளிம்பில் சி-கிளாம்பால் பிடித்திருந்தது உறைத்தது. மரம் நெகிழ்வதால் பிடிக்குள்ளேயும் கொஞ்சம் தகடு வளைகிறது. நீளம் 10 மி.மீ. அளவுக்குக் கூடியதுபோல் ஆகிவிடுகிறது. வைஸுக்கு மாறினால் இது பெரிதும் குறையும், முற்றிலும் மறையாது. எனவே நான்கைந்து நீட்சிகளில் அளந்து, அதிர்வெண்ணின் வர்க்கமூலத் தலைகீழைக் கிடையச்சிலும் நீட்சியைச் செங்குத்தச்சிலும் குறிக்கச் சொல்கிறேன். கிடைக்கும் நேர்கோடு செங்குத்தச்சைச் சுழிக்குக் கீழே எவ்வளவு தள்ளி வெட்டுகிறதோ, அதுவே பிடிக்குள் ஒளிந்திருக்கும் கூடுதல் நீளம்.

பின்சேர்க்கை: நீட்சியை 200 மி.மீ. ஆக்கியதும் அதிர்வெண் 9.6 ஹெர்ட்ஸாகக் குறைந்துவிட்டதே என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் 30 சட்டக வேகத்தில் படமெடுத்திருக்கிறார். உண்மையான 20.4 ஹெர்ட்ஸ், சட்டக வேகத்தில் பாதியான 15 என்ற எல்லையைத் தாண்டியதால் 30இலிருந்து கழிந்து 9.6 ஆகத் தெரிந்திருக்கிறது. 240 சட்டகங்களுக்கும் 120 ஹெர்ட்ஸ்தான் எல்லை என்பதால், இந்த அளவுகோலை 90 மி.மீ.க்குக் கீழே சுருக்க வேண்டாம்.