ஊர் ஊராகச் சுற்றிய விற்பனையாளர் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்: தேதி கண்டுபிடிப்பதும் காப்பதும்

பெட்டியைத் திறந்ததுமே கடிதங்களைப் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். கட்டு இருந்த வரிசையே ஒரு தடயம். வந்த கடிதத்தைப் படித்து முடித்து ஒவ்வொன்றாக அடுக்கியவர் வைத்த வரிசை அது. முதலில் கட்டைப் படம் எடுங்கள். பிறகு மேலிருந்து கீழாக, கடிதத்தின் பின்பக்க மூலையில் மென்மையான 2பி பென்சிலால் எண் போடுங்கள். அதன் உறைக்கும் அதே எண். பேனா வேண்டாம், மை ஊறி மறுபக்கம் தெரியும்.

உறைகளை வீசிவிடுவதுதான் பலரும் செய்யும் பெரிய தவறு. பகலெல்லாம் கடை கடையாக ஏறி இறங்கியவர், இரவில் "செவ்வாய், ராத்திரி" என்று மட்டும் மேலே போட்டு எழுதத் தொடங்கியிருப்பார். ஆண்டும் ஊரும் அஞ்சல் முத்திரையில்தான் இருக்கும். அந்த முத்திரையையும் அப்படியே நம்ப முடியாது: ஓர் ஊரில் எழுதியதை அடுத்த ஊர் ரயில் நிலையத்தில் போட்டிருக்கலாம். விடுதியின் பெயர் அச்சிட்ட தாளும் அப்படித்தான்; மிச்சத் தாளைப் பையில் போட்டுக்கொண்டு போய் வேறெங்கோ எழுதியிருப்பார். ஆகவே நோட்டில் மூன்று கட்டம் போடுங்கள்: எழுதிய நாள், முத்திரை நாளும் ஊரும், தாளில் அச்சான ஊர்.

உறை தொலைந்திருந்தால் கிழமை கைகொடுக்கும். கடிதத்தில் "மார்ச் 12, செவ்வாய்" என்று இருக்கிறது, ஆண்டு இல்லை என்று வையுங்கள். 1945 முதல் 1970 வரை அந்தத் தேதி செவ்வாயில் விழுந்தது 1946, 1957, 1963, 1968 ஆகிய நான்கு ஆண்டுகளில் மட்டுமே. "சின்னவளுக்குப் பல் முளைத்துவிட்டதா?" என்றொரு வரி இருந்தால், அவள் பிறந்த ஆண்டை வைத்து நான்கு ஒன்றாகிவிடும். இப்படி ஊகித்த ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு எழுதுங்கள். பின்னால் வருபவர் அதை முத்திரையில் இருந்த தேதி என்று எண்ணிவிடக் கூடாது.

துருப்பிடித்த குண்டூசியை இழுத்தால் தாளும் கிழியும். அடியில் மெல்லிய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் தாள் துண்டைச் செருகி, அதன்மேல் வைத்து மெதுவாக நகர்த்தி எடுங்கள். கிழிசலுக்கு செலோடேப் ஒட்டவே கூடாது. பசை மஞ்சளாகி எழுத்துக்குள் இறங்கும். லேமினேஷனும் வேண்டாம், திரும்பப் பிரிக்க வழியில்லை. பிவிசி பிளாஸ்டிக் உறையில் எழுத்து ஒட்டிக்கொள்ளும்; பாலியெஸ்டர் உறையோ அமிலமில்லாத காகித மடிப்போ வாங்குங்கள். ஒரு மடிப்பில் பத்துக் கடிதம் போதும். பரணும் தரையும் ஆகாது. ஈரப்பதம் 35 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்கும் உள்ளறை அலமாரியே நல்லது.

ஸ்கேன் வண்ணத்தில், அங்குலத்துக்கு 400 புள்ளி, டிஃப் (TIFF, தரம் குறையாமல் படத்தைச் சேமிக்கும் வகை) கோப்பாக. வெற்றுப் பக்கத்தையும் விடாதீர்கள், ஆர்டர் கணக்கு பென்சிலில் மங்கலாகக் கிடக்கும். கோப்பின் பெயர் 1957-03-12_014 போல, ஆண்டு முதலில் வரட்டும். ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்க வேண்டும்.

தட்டச்சு செய்யும்போது எழுத்துப் பிழைகளைத் திருத்தாதீர்கள். புரியாத சொல்லுக்கு இடம் விட்டு, நாலைந்து கடிதம் தாண்டித் திரும்பி வாருங்கள். அதற்குள் அவர் கையெழுத்து பழகியிருக்கும்.