டர்பனில் நாயோடு விளையாடச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பகுதிகளின் தமிழ் வீடுகளில், நாய் என்றால் வாசற்கதவுக்குக் காவல் என்ற எண்ணமே நெடுங்காலம் இருந்துவந்தது. இப்போது வார இறுதியில் நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு நாய் பலவகைத் தடைகளைக் கடந்து ஓடும் அஜிலிட்டி பயிற்சிக்கும், தடைதாண்டி ஓடிப் பந்தைக் கவ்வி வரும் ஃபிளைபாலுக்கும், இடுப்பில் வாரைக் கட்டி நாயோடு ஓடும் கனிகிராஸுக்கும் செல்லும் இளையவர்களைக் காண முடிகிறது. வரவேற்கத்தக்க மாற்றம்தான். எனினும் இந்த விளையாட்டுகளில் நாய்களுக்கு நேரும் தீங்குகளில் பல, ஒரே தவறான கணிப்பிலிருந்து பிறப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. நாய் துள்ளுவதைக் கண்டதும் அதன் உடலும் தயாராக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுகிறோம். பந்தைக் கண்ட நாய் காலில் வலி இருந்தாலும் ஓடும், மூச்சு முட்டினாலும் ஓடும். போதும் என்று நிறுத்த வேண்டியவர் அதை வளர்ப்பவரே.

முதலில் குட்டிகளின் நிலையைப் பார்ப்போம். அஜிலிட்டி 1978-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், குதிரைகளின் தடைதாண்டும் போட்டியை ஒட்டி அமைத்த இடைவேளை நிகழ்ச்சியாகத் தொடங்கியது. இன்று அதன் காணொளிகளைப் பார்த்துவிட்டு, ஆறு மாதக் குட்டியைத் தோட்டத்துக் கம்பியின் மேல் தாண்டவிடுவோர் இருக்கிறார்கள். வளரும் நாயின் எலும்பு முனைகளில் உள்ள வளர்ச்சித் தட்டுகள் மென்மையான குருத்தெலும்பால் ஆனவை. சிறிய இனங்களில் அவை ஓராண்டுக்குள் இறுகிவிடலாம், பெரிய இனங்களில் ஒன்றரை ஆண்டுவரை ஆகலாம். அதற்கு முன் மீண்டும் மீண்டும் உயரத்திலிருந்து இறங்கினால் தட்டு காயமுற்று, கால் வளைந்தே வளரக்கூடும். பன்னாட்டு நாய்க் கூட்டமைப்பு அஜிலிட்டி போட்டிக்குக் குறைந்தபட்ச வயதாக 18 மாதத்தை வைத்திருப்பது இக்காரணத்தை நோக்கியே. அதுவரை கம்பியைத் தரையில் கிடத்தி அதைக் கடக்கப் பழக்கலாம், தரையோடு கிடக்கும் பலகையில் நடக்க விடலாம், பெயர் சொல்லி அழைத்ததும் திரும்பி வரக் கற்பிக்கலாம். பிற்காலத்தில் வெற்றிக்கு உதவுவதும் இந்தக் கடைசிப் பழக்கமே.

வளர்ந்த நாய்க்கும் எல்லை உண்டு. ஏறியிறங்கும் சாய்தளத்தின் அடியில் வேறு வண்ணம் பூசிய, மிதித்தே ஆக வேண்டிய பகுதியை மிதிக்காமல் நாய் குதித்துவிட்டால், உரிமையாளர் அதே தடையை உடனே பத்து முறை செய்யவைக்கிறார். ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையின் பெரும்பங்கு முன்னங்கால் மணிக்கட்டிலும் தோளிலும் விழுகிறது. மேலும், தவறு பல வேளைகளில் நாயுடையதாகவே இருப்பதில்லை. வாயால் சொல்லும் கட்டளையைவிட உரிமையாளரின் தோளும் பாதமும் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதையே நாய் பார்க்கிறது. வாய் இடப்பக்கம் என்று சொல்ல, பாதம் வலப்பக்கம் நோக்கி நின்றால், நாய் வலப்பக்கமே ஓடும். அப்போது அதைத் திட்டுவதில் நியாயமில்லை. வீட்டுக்குள் வழுக்கும் டைல்ஸ் தரையில் பந்தெறிந்து விளையாடுவதும் நகத்தை நீளமாக விட்டுவைப்பதும், தசைகளைச் சூடேற்றாமல் நேரே ஓடவிடுவதும் இதே மூட்டுகளைத்தான் பதம் பார்க்கின்றன.

டர்பனின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான கோடை தனிக் கவனம் கேட்கிறது. நாய்க்கு மனிதரைப் போல உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைப்பதன் மூலம் நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரத்தை ஆவியாக்கியே அது உடலைக் குளிர்விக்கிறது. கடலோரத்தின் புழுக்கத்தில் அந்த ஆவியாதல் மந்தமாகிவிடுவதால், வெப்பமானி காட்டும் அளவு பெரிதாக இல்லாத நாளிலும் நாய் வெப்பத்தால் சுருண்டு விழலாம். மூக்கு சப்பையான புல்டாக், பக் போன்ற இனங்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைத்திருக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் அதைத் தாங்காது. நாக்கு அகன்று தொங்குவது, ஈறு கடுஞ்சிவப்பாவது, நடை தள்ளாடுவது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் விளையாட்டை அங்கேயே நிறுத்தி, நிழலில் நிற்கவைத்து, உடல் முழுதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி விசிற வேண்டும். குளிர்வித்த பிறகே மருத்துவரிடம் கொண்டு செல்வது நல்லது. ஈரத்துண்டைப் போர்த்திவிடுவது வெப்பத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். நிழலில் நிறுத்திய காருக்குள் ஐந்து நிமிடம்தானே என்று விட்டுச் செல்வதை எந்தக் காரணமும் நியாயப்படுத்தாது.

கோடையோடு வருவது உண்ணி. தென்னாப்பிரிக்காவில் நாய் வளர்ப்போர் பிலியரி என்று அழைக்கும் நோயை, உண்ணி வழியே பரவும் பபேசியா என்ற ஒட்டுண்ணி உண்டாக்குகிறது; இந்நாட்டில் காணப்படும் பபேசியா ரோசி வகை மற்ற நாடுகளின் வகைகளைவிடக் கடுமையானது. அது சிவப்பணுக்களை அழிப்பதால் நாய் வெளிறி, காய்ச்சல் கண்டு, சிறுநீர் காப்பி நிறத்தில் போகும் நிலைக்கு வந்துவிடும். கிருமி பொதுவாக உண்ணி ஓரிரு நாள் ஒட்டியிருந்த பிறகே ஏறுகிறது என்பதால், புல்வெளியிலிருந்து வீடு திரும்பிய அன்றே காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்துப்பட்டையின் அடி, அக்குள், வாலடி ஆகிய இடங்களைத் தடவிப் பார்ப்பது பயன் தரும். பயிற்சிக்குக் கிளம்புமுன் மேலுதட்டைத் தூக்கி ஈறைக் கட்டைவிரலால் அழுத்தி எடுங்கள்: வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் இளஞ்சிவப்பாக வேண்டும். ஈறு முழுவதும் வெள்ளையாகவே இருந்தால், நாய் வாலாட்டிக்கொண்டு கார் கதவருகே காத்திருந்தாலும் மைதானத்துக்கு அல்ல, கால்நடை மருத்துவரிடமே செல்ல வேண்டும். செலவைக் குறைக்க எண்ணி மாட்டுக்குத் தெளிக்கும் உண்ணி மருந்தை நாய் மேல் ஊற்றும் பழக்கம் சில வீடுகளில் இன்னும் உண்டு, அது நஞ்சாகிவிடலாம். எடைக்கேற்ற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்குவதே முறை.

உணவைப் பொறுத்தவரை நம் வீடுகளில் அன்பே இடைஞ்சலாகிறது. தாத்தாவும் ஆயாவும் கறிக்குழம்பில் பிசைந்த சோற்றை ஊட்டுவார்கள். அதிலுள்ள வெங்காயமும் பூண்டும் சிவப்பணுக்களைச் சிதைப்பவை; பிலியரியிலிருந்து தேறிவரும் நாய்க்கு இது இரட்டை அடி. சர்க்கரைப் பொங்கலில் கிடக்கும் உலர் திராட்சை சிறுநீரகத்தைப் பாதிக்கும், வேகவைத்த கோழி எலும்பு சிம்புசிம்பாக உடைந்து குடலைக் குத்தும். இலேசாகத் தொட்டால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்படாத அளவு பருத்த நாயைத் தடை தாண்டவைப்பதும் தவறே.

வெளியூர்ப் பயணத்துக்குமுன் இடத்தின் விதியை விசாரித்துக்கொள்ள வேண்டும்; க்ரூகர் தேசியப் பூங்காவுக்குள் செல்ல நாய்களை அனுமதிப்பதே இல்லை. அனுமதியுள்ள மலைப்பாதையிலும் நாயை வாரின்றி முன்னே ஓடவிடக் கூடாது. பஃப் ஆடர் என்னும் விரியன், காலடி கேட்டு விலகாமல் தன் நிறத்தை நம்பி அசையாது கிடக்கும் இயல்புடையது. கடிபட்டால் கட்டுப் போடாமலும் கீறாமலும், நாயை நடக்கவிடாமல் தூக்கிச் செல்லுங்கள். தீபாவளிக்கும் நவம்பர் 5-ஆம் நாள் வாணவேடிக்கை இரவான கை ஃபாக்ஸுக்கும் வெடிக்கும் வாணங்களுக்கு மிரண்டு மதில் தாண்டும் நாய்களுள், தாண்டும் பயிற்சி பெற்றவை இன்னும் எளிதாகத் தப்பிவிடும். ஆகவே அந்த இரவுகளில் அவை வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். உரிமையாளரின் விவரம் பதிந்த மைக்ரோசிப்பும் இருக்கட்டும்.

டர்பன் அமைந்துள்ள குவாஸூலு-நட்டால் மாகாணத்தில் ரேபிஸ் இன்னும் ஒழியவில்லை, நாய்க்குத் தடுப்பூசி போடுவது சட்டப்படி கட்டாயமானது. மூன்று மாத வயதில் முதல் ஊசியும், அடுத்த 12 மாதத்துக்குள் இரண்டாவதும், பின்னர் மூன்றாண்டுக்கு ஒருமுறையும் போட வேண்டும். பல ஊர் நாய்கள் கூடும் பயிற்சி மைதானத்துக்கு ஊசி அட்டை இல்லாமல் செல்லக் கூடாது. அங்கே அறியாத நாய் ஒன்று உங்களைக் கடித்தால், காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.