நாட்டு மருந்துக் கடையைக் காலத்துக்கும் நிலைக்க வைப்பது

2020 கோடையில் எங்கள் கடை வாசலில் தெருமுனை வரை வரிசை நின்றது. கேட்டதெல்லாம் கபசுரக் குடிநீர். அதில் 15 சரக்கு சேரும். திப்பிலிக்கும் அக்கரகாரத்துக்கும் காலையில் ஒரு விலை, மாலையில் ஒரு விலை. ஆசை யாரை விட்டது? மூட்டை மூட்டையாக எடுத்துப் போட்டேன். கூட்டம் கலைந்தது, சரக்கு நின்றது. சில மாதம் கழித்துச் சுக்கு மூட்டையை அவிழ்த்தால் மாவாகக் கொட்டுகிறது. வண்டு.

2012-இல் டெங்கு வந்து அரசே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தபோது, அப்பா வாரம் ஒரு மூட்டைக்கு மேல் எடுக்கவில்லை. அப்போது அவரைக் கஞ்சன் என்று நினைத்தேன். காய்ச்சல் சரக்கை ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்குங்கள்.

வாடகை கட்டுவது வேறு சாமான்கள்: பிரசவ லேகியச் சரக்கு, வசம்பு, ஓமம், குளியல் பொடி, சீயக்காய். லேகியச் சரக்கு வாங்கிய வீட்டிலிருந்து அடுத்து வசம்புக்கு வருவார்கள், அப்புறம் பிள்ளையைக் குளிப்பாட்டப் பொடிக்கு. அந்த வீட்டுப் பாட்டி சொல்லும் லேகியக் கணக்கை நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பிரசவத்துக்கும் அதையே கேட்பார்கள்.

சரக்கை அடையாளம் பார்ப்பதில் அவசரம் கூடாது. பள்ளிக்கூட வாசலில் ஊசி மாதிரி நெட்டையாக நிற்கிற மரத்தை அசோக மரம் என்கிறோமே, அது நெட்டிலிங்கம். வைத்தியர் மாதவிடாய்க் கோளாறுக்கு எழுதும் பட்டை, கொத்தாகச் செம்மஞ்சள் பூ பூக்கும் அசோகத்தினுடையது. காய்ந்து துண்டாகி வந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். முதலதை இரண்டாவது என்று தள்ளிவிடும் ஆட்கள் உண்டு. பழகிய வியாபாரியிடம் முழுப் பட்டையாக வாங்குங்கள், சந்தேகம் வந்தால் வைத்தியரிடம் ஒரு துண்டு காட்டுங்கள். நன்னாரிக்கு இவ்வளவு பாடில்லை: வேரை ஒடித்து மோந்தால் போதும். சந்தேகம் தீராத சரக்கை ‘இல்லை’ என்று சொல்லிவிடுங்கள், வாடிக்கையாளர் கோபிக்க மாட்டார்.

உரிமம் இல்லாமல் மருந்து தயாரித்து லேபிள் ஒட்டி விற்காதீர்கள். ‘சர்க்கரை நோய் குணமாகும்’ என்று போர்டும் வேண்டாம். அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது.

சரி, சுக்குக்கு வருவோம். நல்ல வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின் தகர டின்னில் போட்டு இறுக மூடுங்கள். பழைய சரக்கு மேலே, புதுசு அடியில். மாதம் ஒருமுறை கொட்டிச் சலியுங்கள். சல்லடைக்குக் கீழே மாவு விழுந்தால் அந்த டின்னை அன்றைக்கே தனியாக எடுத்து வையுங்கள்.