பிரெக்சிட் பட்டிமன்றத்துக்குத் தயாராவது எப்படி

மார்த்தாண்டத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் பில் போட்டே நரைத்தவன் நான். இப்போது எங்கள் வாசகசாலைப் பிள்ளைகளைப் பட்டிமன்றத்துக்குத் தயார் செய்கிறேன். ‘ஒரு நாடு பெரிய கூட்டமைப்பை விட்டு விலகலாமா?’ என்று தலைப்பு வந்தால் எல்லோரும் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரிட்டனைத்தான், அதாவது பிரெக்சிட்டைத்தான் எடுப்பார்கள். எடுக்கட்டும். ஆனால் மைக்கைப் பிடித்ததும் ‘சுதந்திரம்’, ‘ஒற்றுமை’ என்று தொண்டை கிழியக் கத்த வேண்டாம். மாமியார், மருமகள், தனிக்குடித்தனம் எல்லாம் எதிரணி கொண்டுவரும். அதை அவர்களுக்கே விட்டுவிடுங்கள்.

முதல் வேலை: ஏதாவது ஒரு சரக்கைத் தேர்ந்தெடுங்கள். விலகலுக்கு முந்தின நாள் அது எல்லையை எப்படித் தாண்டியது, மறுநாள் எப்படித் தாண்டும் என்று ஒரு தாளில் எழுதுங்கள். இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2017 ஜூலை 1-இல் ஜிஎஸ்டி வரும்வரை களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போகிற லாரி அமரவிளைச் சோதனைச்சாவடியில் நின்று, தாள் காட்டி, முத்திரை வாங்கித்தான் போகும். தோவாளைப் பூவாக இருந்தாலும் ரப்பர் ஷீட்டாக இருந்தாலும் வண்டி வரிசையில்தான் நிற்க வேண்டும். வரி எவ்வளவு என்பது ஒரு கணக்கு. வரிசை எவ்வளவு நீளம் என்பது வேறு கணக்கு. 2020 டிசம்பர் 24-இல் பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் செய்த ஒப்பந்தத்தில் சரக்குக்கு இறக்குமதி வரி கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. ஆனாலும் சுங்க அறிக்கை, உணவுப் பொருளுக்குச் சுகாதாரச் சான்று என்று தாள்கள் முளைத்தன. 2021 ஜனவரியில் கடல் உணவு லாரிக்காரர்கள் லண்டனுக்கே வண்டியை ஓட்டிவந்து போராடியது இந்தத் தாள்களுக்காகத்தான். ‘வரியே இல்லையே, பிறகென்ன?’ என்று எதிரணி கேட்டால் அமரவிளையைச் சொல்லுங்கள். பின்வரிசையில் இருக்கிற டிரைவர்மார் கை தட்டுவார்கள்.

அடுத்து, விலகல் என்பது ஒரே தாண்டல் அல்ல, படிப்படியான இறக்கம் என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். நார்வே ஒன்றியத்தில் உறுப்பினர் இல்லை, ஆனால் ஒரே விதிகளோடு சரக்கும் ஆளும் தடையின்றிப் போய்வருகிற ஒற்றைச் சந்தைக்குள் இருக்கிறது. அதற்காகப் பணமும் கட்டுகிறது. விதிகளை எழுதும்போது மட்டும் அதற்கு ஓட்டில்லை. துருக்கியும் உறுப்பினர் இல்லை, ஆனால் தொழிற்சாலைப் பொருள்களுக்குச் சுங்க ஒன்றியத்தில், அதாவது தங்களுக்குள் சுங்க வரி இல்லாத ஏற்பாட்டில் இருக்கிறது. பிரிட்டன் உள்ளே இருந்தபோதே யூரோவை எடுக்கவில்லை. இத்தனை படிகள் இருக்க, 2016 ஜூன் 23 வாக்குச்சீட்டில் இரண்டே பெட்டிகள்: இருக்கவா, விலகவா. 51.9 சதவீதம் பேர் விலக என்றார்கள். எந்தப் படி வரை இறங்குவது என்று அதற்குப் பிறகுதான் சண்டை தொடங்கியது. அன்றைய பிரதமர் தெரசா மே கொண்டுவந்த விலகல் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 2019-இல் மூன்று முறை தள்ளியது. கடைசியில் 2020 ஜனவரி 31-இல்தான் வெளியே வந்தார்கள். எந்த அணியில் இருந்தாலும் எதிரணியிடம் முதல் கேள்வி இதுவாக இருக்கட்டும்: ‘எந்தப் படி வரை?’

மேடை குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ என்றால் மீனை விடாதீர்கள். விலகும் அணிக்கு நல்ல ஆயுதம் அது. நம் கடலில் யார் எவ்வளவு பிடிப்பது என்று ஒன்றியத்தின் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் தீர்மானிப்பதா என்ற கோபம் கிரிம்ஸ்பி போன்ற துறைமுக ஊர்களில் நிஜமாகவே இருந்தது. கிரீன்லாந்தும் மீனுக்காகத்தான் 1982-இல் ஓட்டுப் போட்டு 1985-இல் வெளியேறியது. எதிரணிக்கும் இதே மீனில் பதில் உண்டு. பிரிட்டிஷ் படகுகள் பிடிப்பதில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்கே விற்பனை ஆகிறது. கடல் நம்முடையது, சரி. வாங்குகிற ஆள் அக்கரையில் அல்லவா இருக்கிறான்? தூத்தூர்ப் படகுகள் கொச்சியில் மீன் இறக்குகின்றன, ஒருவரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. அந்த வசதி நாளை இல்லை என்றால் என்ன ஆகும் என்று கேளுங்கள், கடற்கரை ஜனங்களுக்கு உடனே விளங்கும்.

யாராவது ஒருவர் கட்டாயம், குமரியைத் தமிழ்நாட்டோடு சேர்க்கப் போராடிய மார்ஷல் நேசமணியையும், அது சேர்ந்த 1956 நவம்பர் 1-ஐயும் கொண்டுவருவார். ஜாக்கிரதை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் ஒரு மாநிலத்திலிருந்து இன்னொன்றுக்குப் போயின, நாடு மாறவில்லை. போராட்டமும் மொழிக்காக நடந்தது. 1954 ஆகஸ்ட் 11 துப்பாக்கிச் சூட்டில் உயிர் போனவர்களைச் சுங்க வரி விவாதத்தில் இழுப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் நெய்யாறு இடதுகரைக் கால்வாயைச் சொல்லலாம். எல்லை மாறி அரை நூற்றாண்டு கழித்து, 2004-இல் கேரளத்திலிருந்து அந்தக் கால்வாய் வழியே விளவங்கோட்டுக்கு வந்த தண்ணீர் நின்றது. பொதுவாக இருந்த சொத்துக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி பிரிந்த அன்றே வருவதில்லை. பிரிட்டனுக்கு அது அயர்லாந்து எல்லையில் உடனே வந்தது: வட அயர்லாந்து பிரிட்டனோடு, தெற்கே அயர்லாந்து ஒன்றியத்தோடு. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை, வயலுக்குள்ளும் போகும். நம் கேரள எல்லையில் இருக்கிற பனச்சமூட்டுச் சந்தைக்கு நடுவே சுங்கச்சாவடி போடுவதைக் கற்பனை செய்தால் போதும். கடைசியில் சோதனையை வட அயர்லாந்துக்கும் மற்ற பிரிட்டனுக்கும் நடுவிலுள்ள கடல் பக்கம் தள்ளினார்கள். அதையும் 2023-இல் விண்ட்சர் ஏற்பாடு என்ற புது உடன்பாட்டால் திருத்த வேண்டியிருந்தது.

எண்களில் இரண்டு அணியும் சறுக்கும் இடங்கள் உண்டு. விலகும் அணி, ஒன்றியத்துக்குக் கட்டுவதாக அங்கே பிரச்சார பஸ்ஸில் எழுதிய ‘வாரம் 35 கோடி பவுண்ட்’ கணக்கைத் தொட வேண்டாம். பிரிட்டனுக்குக் கிடைத்த தள்ளுபடியைக் கழிக்காத தொகை அது. இருக்கும் அணி, ஓட்டுப் போட்ட மறுநாளே நாடு மூழ்கியது என்று சொல்ல வேண்டாம். பிரிட்டன் கருவூலம் (நிதி அமைச்சகம்) எச்சரித்த உடனடிப் பொருளாதார மந்தம் வரவில்லை. நஷ்டம் மெதுவாக வந்தது. நீண்ட காலத்தில் உற்பத்தித்திறன் 4 சதவீதம் குறையும் என்பது அந்நாட்டு வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. விலகும் அணியின் பலமான வாதம் பணமே அல்ல: எனக்குச் சட்டம் போடுகிறவனை என் ஓட்டால் இறக்க முடிய வேண்டும். இதை நிதானமாகச் சொன்னால் பதில் சொல்வது கஷ்டம்.

கூட்டம் தூங்கினால் இதை எடுங்கள். அந்த வாக்கெடுப்பில் பிரிட்டனில் குடியிருந்த இந்தியக் குடிமக்கள் ஓட்டுப் போடலாம், காமன்வெல்த் உரிமை. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரருக்கு ஓட்டில்லை. நம் ஊரிலிருந்து போன நர்ஸ் ஒருவர் அங்கே ஐரோப்பாவின் தலையெழுத்துக்கு முத்திரை குத்தியிருக்கலாம்! அதோடு, வெளியாட்கள் வரவைக் குறைக்கத்தான் பலர் விலக ஓட்டுப் போட்டார்கள். ஐரோப்பியர் வரத்து குறைந்தது, இந்தியாவிலிருந்தும் நைஜீரியாவிலிருந்தும் கூடியது. 2023 ஜூனோடு முடிந்த ஆண்டில் நிகர வரத்து 9 லட்சத்தைத் தாண்டியது.

நடுவர் சிலநேரம் மேடையிலேயே ‘உன் சொந்த அபிப்பிராயம் என்ன மக்ளே?’ என்று கேட்டுவிடுவார். அணியை மறந்து உளறாமல் இருக்க ஒரு பதிலை முன்கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். என் கட்சி, விலக ஒரு ஓட்டு, ஒப்பந்தத் தாள் கைக்கு வந்த பிறகு இன்னொரு ஓட்டு. முதல் முடிவைக் கவிழ்க்கும் தந்திரம் இது என்று எதிர்ப்பார்கள், அதிலும் நியாயம் உண்டு. உங்கள் பதில் வேறாக இருக்கட்டும், அரை நிமிஷத்தில் முடியட்டும். அடுத்த பேச்சாளர் ஏற்கெனவே மைக்கைப் பிடிக்க வந்திருப்பார்.