எனாமலுக்கு முன் சாக்பீஸ்: கூடைப்பந்து சாதனைப் பலகை எழுதும் விதம்

குன்னூரில் முப்பது வருஷமாக போர்டு எழுதுகிறேன். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு கடைக்காரர்கள் என்னை மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்களும் தேயிலைத் தொழிற்சாலைகளும்தான் இன்னும் கூப்பிடுகின்றன. மலைக்காற்றில் ஃப்ளெக்ஸ் சீக்கிரம் கிழிந்து தொங்கிவிடும். ஒழுங்காக பிரைமர் அடித்த தகரத்தில் எனாமல் பத்து வருஷம் நிற்கும். தப்பாக எழுதினால் தப்பும் பத்து வருஷம் நிற்கும். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன்.

கோத்தகிரி போகிற ரோட்டில் ஒரு பள்ளி. பேர் வேண்டாம். சரிவை வெட்டிச் சமன் செய்த கூடைப்பந்துத் திடல். கம்பிவலையில் ஓட்டை இருப்பதால் பந்து கீழே தேயிலைச் செடிகளுக்குள் உருண்டு ஓடும். சுவரில் பன்னிரண்டு தகரப் பலகைகள், பலகைக்கு ஓர் ஆள், நாலடிக்கு மூன்றடி. 2022 டிசம்பரில் பி.டி. சார் ஒரு தாளைக் கொடுத்து, "பெரிய பிளேயருங்க, கோச்சுங்க... இதுல இருக்கறத அப்படியே எழுதிடுங்க" என்றார். அப்படியே எழுதினேன். கரீம் அப்துல் ஜப்பார் பலகையின் கடைசி வரி: "என்.பி.ஏ.வில் அதிகப் புள்ளி எடுத்தவர்: 38,387". என்.பி.ஏ. என்றால் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்.

2023 பிப்ரவரி 8, நமக்குக் காலை நேரம். அமெரிக்காவில் அப்போது 7-ஆம் தேதி ராத்திரி. லாஸ் ஏஞ்சல்ஸில் லெப்ரான் ஜேம்ஸ் அந்தக் கணக்கைத் தாண்டினார். அன்றைக்குச் சாயங்காலமே டீம் பிள்ளை ஒருத்தி, "அங்கிள், உங்க போர்டு பழசாயிடுச்சு" என்றாள். எழுதி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. திருத்தின கூலி இன்றுவரை வரவில்லை, அது தனிக் கதை.

அதிலிருந்து கற்ற முதல் பாடம்: எண்ணை எழுதுங்கள், "அதிகம்", "முதலிடம்" என்று எழுதாதீர்கள். 38,387 என்பது கரீம் எடுத்த புள்ளி. அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்க முடியாது. "அதிகம்" என்பது அடுத்தவன் கையில் இருக்கிறது. எழுதியே ஆகவேண்டும் என்றால் ஆண்டைக் கட்டிவிடுங்கள்: "1989-இல் ஓய்வு பெற்றபோது என்.பி.ஏ.வில் அதுவே அதிகம்". இது என்றைக்கும் பொய்யாகாது.

இரண்டாவது, எந்தப் பதவியில் வாங்கினார் என்று கேட்காமல் எண்ணைத் தொடாதீர்கள். தாளில் ஃபில் ஜாக்சனுக்கு "13 கோப்பை" என்று மொத்தமாக இருந்தது. அதைப் படிக்கிற பிள்ளை பதின்மூன்றும் கோச்சாக வாங்கினார் என்று நினைக்கும். கோச்சாக 11: சிகாகோ புல்ஸோடு 6, லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸோடு 5. ஆட்டக்காரராக நியூயார்க் நிக்ஸில் 2, அதாவது 1970, 1973. அந்த 1970 கோப்பையைப் பற்றி ஒரு வேடிக்கை: முதுகில் ஆபரேஷன் ஆனதால் அந்த சீசன் முழுக்க அவர் களமிறங்கவே இல்லை, ஆனாலும் கணக்கில் இருக்கிறது. இவ்வளவு ஜெயித்தவருக்கு 'ஆண்டின் சிறந்த பயிற்சியாளர்' விருது ஒரே ஒரு தடவைதான், 1996-இல். விருதையும் கோப்பையையும் ஒரே வரியில் போட்டுக் குழப்பாமல் இருக்க இதுவே போதும்.

பாட் ரைலி இன்னும் சிக்கல். 1972-இல் லேக்கர்ஸ் ஆட்டக்காரர், 1980-இல் அதே அணியில் துணைப் பயிற்சியாளர், பிறகு தலைமைப் பயிற்சியாளராக லேக்கர்ஸில் 1982, 1985, 1987, 1988, மயாமி ஹீட்டில் 2006. 2012, 2013-இல் மயாமி ஜெயித்தபோது அவர் கோச் இல்லை, அணியின் தலைவர். நாலு பதவி, நாலு வரி. ஒரே வரியில் கூட்டி எழுதினால் இடம் மிச்சமாகும், விஷயம் போய்விடும்.

மூன்றாவதுதான் எனக்கு அதிக வேலை வைத்தது. ஒரு விருது அந்தக் காலத்தில் இருந்ததா என்று பார்க்கவேண்டும். பில் ரஸ்ஸல் பலகையைத் தொட்டபோது, 11 கோப்பை வாங்கினவர் ஃபைனல்ஸ் எம்.வி.பி. (இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் விருது) எத்தனை வாங்கியிருப்பார் என்று தாளில் தேடினேன். ஒன்றுகூட இல்லை. தாள் தப்பு என்று நினைத்தேன். தாள் சரிதான். அந்த விருதே 1969-இல்தான் ஆரம்பம், அது ரஸ்ஸலின் கடைசி வருஷம். அந்த வருஷமும் கோப்பை பாஸ்டன் செல்டிக்ஸுக்கு, விருதோ தோற்ற லேக்கர்ஸின் ஜெரி வெஸ்டுக்கு. 2009-இல் அந்த விருதுக்கே ரஸ்ஸல் பெயரை வைத்துவிட்டார்கள். தான் ஒரு தடவையும் வாங்காத விருதுக்குத் தன் பெயர்! இதைப் பலகையில் எழுத இடம் இல்லை. ஆனால் யாராவது பலகை முன்னால் நின்றால் வாயால் சொல்லாமல் விடுவதில்லை.

அதே மாதிரிதான் பிளாக். எதிராளி போடுகிற பந்தைத் தடுப்பதில் ரஸ்ஸலை மிஞ்ச ஆள் இல்லை என்பார்கள். எத்தனை தடுத்தார்? எண் கிடையாது. பிளாக், ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது) இரண்டையும் என்.பி.ஏ. அதிகாரபூர்வமாக எண்ண ஆரம்பித்தது 1973-74 சீசனில். மூன்று புள்ளிக் கோடு (அதற்கு வெளியே நின்று போட்டால் மூன்று புள்ளி) வந்ததோ 1979-80-இல். அதற்கு முன்னால் ஆடி முடித்தவர் பலகையில் "மூன்று புள்ளி: 0" என்று யாராவது போடச் சொன்னால் பிரஷைக் கீழே வைத்துவிடுங்கள். அது பூஜ்யம் இல்லை, கட்டமே இல்லை.

வில்ட் சேம்பர்லைன் பலகையில் 1961-62 சீசனுக்கு மட்டும் தனி வரி கொடுத்தேன். ஆட்டத்துக்குச் சராசரி 50.4 புள்ளி. 1962 மார்ச் 2-இல் ஹெர்ஷி நகரத்தில் நிக்ஸுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 100. ஆனால் அந்த சீசனின் எம்.வி.பி., அதாவது சீசனின் சிறந்த ஆட்டக்காரர், ரஸ்ஸல். பிள்ளைகள் இதைக் கேட்டால் சண்டைக்கு வருவார்கள். அந்தக் காலத்தில் எம்.வி.பி.க்கு ஓட்டுப் போட்டவர்கள் ஆட்டக்காரர்களே. எதிரே நின்று ஆடினவர்களின் தீர்ப்பு அது. என் கட்சியும் ரஸ்ஸல் கட்சிதான், மறைக்கவில்லை.

ஆண்டு விஷயம். சீசன் நம்ம பள்ளிக்கூட வருஷம் மாதிரி, ஒரு வருஷத்தில் ஆரம்பித்து அடுத்த வருஷத்தில் முடியும். அக்டோபரில் ஆரம்பித்து ஜூனில் கோப்பை. சீசனைச் சொன்னால் "1995-96", கோப்பையைச் சொன்னால் "1996". ஒரே பலகையில் இரண்டு முறையையும் கலக்காதீர்கள். சிகாகோ புல்ஸ் 72 ஜெயித்து 10 தோற்றது 1995-96 சீசன்; மைக்கேல் ஜோர்டனின் கோப்பைகள் 1991, 1992, 1993, 1996, 1997, 1998. ஒலிம்பிக்ஸில் இன்னொரு கண்ணி: டோக்கியோ 2020 நடந்தது 2021-இல். கிரெக் போபோவிச் அங்கே அமெரிக்க அணிக்குக் கோச்சாகத் தங்கம் வாங்கினார். பலகையில் "டோக்கியோ 2020" என்று போட்டியின் பெயரையே எழுதினேன், தகராறு இல்லை.

அணியின் பெயரை அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படியே எழுதவேண்டும். சேம்பர்லைன் 100 எடுத்தது ஃபிலடெல்ஃபியா வாரியர்ஸுக்கு; இன்றைக்கு அதே அணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ். லேக்கர்ஸ் 1960 வரை மினியாபொலிஸில் இருந்தது. ஆள் பெயரும் மாறும்: லூ அல்சிண்டராக விருது வாங்கினவர் 1971-இல் கரீம் அப்துல் ஜப்பார் ஆனார். பெயரை அவர் வைத்துக்கொண்டபடி பெரிசாக எழுதி, பழைய பெயரைக் கீழே சின்னதாகப் போட்டேன். வெலிங்டனில் இருக்கிற மெட்ராஸ் ரெஜிமென்டை யாராவது சென்னை ரெஜிமென்ட் என்று எழுதுவார்களா? அதே கணக்கு.

ஹால் ஆஃப் ஃபேம் (கூடைப்பந்தில் சாதித்தவர்களைச் சேர்க்கிற கௌரவப் பட்டியல்) என்று ஒரு வரியைப் போட்டு முடித்துவிடக்கூடாது, அங்கேயும் பதவி உண்டு. ரஸ்ஸல் ஆட்டக்காரராக 1975-இல் சேர்க்கப்பட்டார், பயிற்சியாளராக 2021-இல். லென்னி வில்கன்ஸ் 1989-இல் ஆட்டக்காரராக, 1998-இல் பயிற்சியாளராக.

நம்ம ஆட்களுக்கு வந்தால் ஒரே ஒரு சொல்லில் மொத்தமும் கவிழும். தாளில் "என்.பி.ஏ.வில் ஆடிய முதல் இந்தியர் சத்னாம் சிங்" என்று இருந்தது. அவர் ஆடவில்லை, டிராஃப்டில் (அணிகள் முறை வைத்துப் புது ஆட்களைத் தேர்ந்தெடுப்பது) எடுக்கப்பட்டார். 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் 52-ஆவது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து அப்படி எடுக்கப்பட்ட முதல் ஆள் அவர்தான், ஆனால் என்.பி.ஏ. சீசன் ஆட்டம் ஒன்றிலும் இறங்கவில்லை. இறங்கினவர் சிம் புல்லர், 2015 ஏப்ரலில், சேக்ரமெண்டோ கிங்ஸுக்கு. அவர் கனடாவில் பிறந்த பஞ்சாபிக் குடும்பத்துப் பையன். "எடுக்கப்பட்ட", "ஆடிய", "இந்தியாவில் பிறந்த", "இந்திய வம்சாவளி": இந்த நாலு சொல்லையும் தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் மரியாதை கெடாது.

அனிதா பால்துரை பலகையை நானே கேட்டுச் சேர்த்தேன், தாளில் இல்லை. சென்னைப் பொண்ணு, இந்தியப் பெண்கள் அணியின் முன்னாள் கேப்டன், பத்மஸ்ரீ 2021. விருதை அறிவித்தது அந்த ஜனவரியில், கொரோனாவால் கையில் கொடுத்தது நவம்பரில். இப்படி வந்தால் அறிவித்த ஆண்டை எழுதுங்கள், அரசாங்கப் பட்டியலில் அதுதான் இருக்கும். பக்கத்துப் பலகை பிரசாந்தி சிங்: அர்ஜுனா 2017, பத்மஸ்ரீ 2019.

இனி பிரஷ் வேலை. தகரத்தைத் தேய்த்து, துருவைத் தடுக்கிற பிரைமர் அடித்து, மேலே கரும்பச்சை இரண்டு கோட். சாக்பீஸ் தூளில் நூலைத் தோய்த்து இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து, நடுவில் தூக்கி விட்டால் நேர்க்கோடு விழும். தலைப்புக்கு மூன்று இஞ்ச், மற்ற வரிக்கு ஒன்றரை. அதற்கு மேல் எழுத்தைக் குறுக்கினால் எதிர்ப்பக்கத்து வளையத்திலிருந்து படிக்க முடியாது. நாலடிப் பலகையில் தலைப்பு போக எட்டு வரிதான் நிற்கும். ரஸ்ஸலுக்கு நான் நிறுத்தினது கீழே. அதில் ஆல் ஸ்டார் என்பது வருஷத்துக்கு ஒரு தடவை சிறந்த ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து ஆடவைக்கிற ஆட்டம்; சட்டை ஓய்வு என்றால் அந்த எண்ணை இனி புதிதாக யாருக்கும் கொடுக்கமாட்டார்கள்:

பில் ரஸ்ஸல்
பாஸ்டன் செல்டிக்ஸ், 1956 – 1969
கோப்பை: 11
அதில் கடைசி 2 (1968, 1969) ஆட்டக்காரரும் பயிற்சியாளருமாக
எம்.வி.பி.: 5
ஆல் ஸ்டார்: 12
ஒலிம்பிக்ஸ் தங்கம்: மெல்போர்ன் 1956
ஹால் ஆஃப் ஃபேம்: 1975, 2021
6-ஆம் எண் சட்டை என்.பி.ஏ. முழுக்க ஓய்வு: 2022

இதை முதலில் முழுசும் சாக்பீஸில் எழுதுவேன். எழுதி இரண்டு நாள் அப்படியே விட்டுவிடுவேன். ராத்திரி இறங்குகிற மூடுபனி சாக்பீஸைக் கரைத்துவிடும், அதனால் பலகையை வராந்தாவில் சாய்த்து வைக்கவேண்டும். சாயங்காலம் பிராக்டிஸ் முடிந்து பிள்ளைகள் தண்ணீர் குடிக்க வரும்போது கட்டாயம் படிப்பார்கள். தப்பு இருந்தால் சும்மா போகமாட்டார்கள். போன தடவை ஒரு பையன், "ராபர்ட் ஹோரிக்கு ஆல் ஸ்டார் 7-னு போட்டிருக்கீங்க, அது கோப்பை அங்கிள்" என்றான். சரிதான். ஹோரிக்கு மூன்று அணிகளில் 7 கோப்பை, ஆல் ஸ்டார் ஒரு தடவைகூட இல்லை. கோப்பை எண்ணை ஆல் ஸ்டார் வரியில் எழுதிவிட்டிருக்கிறேன். ஈரத்துணியால் ஒரு துடை, வேலை முடிந்தது. எனாமலாக இருந்தால் டர்பன்டைன், சுரண்டல், மறுபடி பச்சை, மறுபடி இரண்டு நாள் காயவிடவேண்டும்.

"ஏங்கண்ணு, இதெல்லாம் எங்கிருந்து தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "போன்ல" என்றான், நான் எதோ கேட்கக்கூடாததைக் கேட்ட மாதிரி.

பெயிண்ட் அடிக்க நீலகிரியில் நல்ல காலம் பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஜூனுக்கு மேல் மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, டிசம்பர் ஜனவரியில் காலை உறைபனி. அந்தக் குளிரில் எனாமல் காய்வதற்குள் பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும். காலை பத்துக்கு மேல் ஆரம்பித்து மூன்று மணிக்கு நிறுத்திவிடுங்கள். பனி இறங்குகிற நேரத்தில் அடித்த எனாமல் பளபளப்பு போய் வெளுத்துவிடும்.

ஆடிக்கொண்டிருக்கிறவருக்குப் பலகையே வேண்டாம் என்பது என் கருத்து. பிள்ளைகள் விடவில்லை. லெப்ரானுக்கு ஒன்று எழுதினேன்: பெயர், அணிகள், கோப்பைகள் 2012, 2013, 2016, 2020 எல்லாம் எனாமலில். மொத்தப் புள்ளிக்கு மட்டும் ஒரு கறுப்புக் கட்டம் விட்டு, அதில் கரும்பலகைப் பெயிண்ட் அடித்துவிட்டேன். கூரை விளிம்புக்குக் கீழே மாட்டியிருப்பதால் சாக்பீஸ் ஓரளவு தங்கும். அந்த எண்ணை மாற்றுகிற வேலையை வாட்ச்மேன் அண்ணன் எடுத்துக்கொண்டார். சீசன் நடக்கும்போது காலையில் பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுதுவார். 7 எழுதினால் 1 மாதிரி இருக்கும், அதைத்தான் எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை.