வகுப்புக்கு வருபவர் டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) பாஸா? கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழி

போன வருஷம் ஜூலையில் மகளின் மூன்றாம் வகுப்புக் கணக்கு நோட்டைப் புரட்டினேன். 7 × 8 = 54 என்று எழுதியிருக்கிறாள், பக்கத்தில் சிவப்பு மையில் பெரிய டிக், கீழே ஸ்டார் வேறு. ஒரு தடவை என்றால் கை தவறியது என்று விடலாம், நாலைந்து பக்கம் தள்ளியும் அதே கதைதான். விசாரித்தால், கணக்கு மிஸ் மே மாதமே நின்றுவிட்டாராம், ஆள் கிடைக்கவில்லை என்று ஆபீஸில் ஃபீஸ் பில் போடும் அக்காவை வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். பெரம்பூர் பக்கம் ஒரு தனியார் பள்ளி, பெயர் வேண்டாம்.

இப்படி உங்களுக்கும் நடந்தால் என்ன செய்யலாம்? நான் அலைந்து தெரிந்துகொண்டது இது.

முதலில் சட்டம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் கரெஸ்பாண்டண்ட் இரண்டு நிமிஷத்தில் வாயை அடைத்துவிடுவார். ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவருக்குப் பிளஸ் டூவில் 50 சதவீதம், இரண்டு வருட ஆசிரியர் பட்டயப் பயிற்சி, அப்புறம் டெட் தேர்ச்சி. ஆறு முதல் எட்டு வரை என்றால் டிகிரியோடு பட்டயப் பயிற்சியோ பி.எட்.டோ, கூடவே டெட். 2010 ஆகஸ்டில் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் போட்ட விதி இது. ஒன்பது, பத்துக்கும் மேல்நிலைக்கும் டெட் கேட்காதீர்கள், அங்கே பட்டமும் (மேல்நிலைக்கு முதுகலைப் பட்டம்) பி.எட்.டும்தான் பேச்சு.

"பி.எட். முடித்தவர்தானே சார், ஒண்ணாம் கிளாஸுக்கு அது போதாதா?" என்பார்கள். போதாது. 2018இல் அதே குழுமம் அதற்கு அனுமதி கொடுத்தது, 2023 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. அதற்கு அப்புறம் சேர்ந்தவர் என்றால் இதைச் சொல்லலாம்.

"ஆள் கிடைக்கலை, அதனால தளர்த்திக்கிட்டோம்" என்றால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார வேண்டும். தளர்த்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது, கல்வி உரிமைச் சட்டம் 23(2). ஆனால் அந்த அதிகாரம் மத்திய அரசுக்கு மட்டும்தான், அதுவும் அறிவிக்கை போட்டு, அதிகபட்சம் ஐந்து வருஷத்துக்கு. பள்ளி நிர்வாகம் தன் இஷ்டத்துக்குத் தளர்த்திக்கொள்ள முடியாது. எனவே "எந்த அறிவிக்கை, எந்தத் தேதி?" என்று மட்டும் கேளுங்கள். நான் கேட்டபோது டீ வந்தது, பதில் வரவில்லை.

ஒன்றை மட்டும் இதோடு சேர்க்காதீர்கள். டெட்டில் 150க்கு 90 எடுக்க வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் தமிழக அரசு அதை 82 ஆக்கியது. விதிக்குள் கொடுத்த சலுகை அது. 82 எடுத்தவரைத் தகுதி குறைந்தவர் என்று பேரண்ட்ஸ் குரூப்பில் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன், எரிச்சல்தான் வருகிறது.

சரி, எப்படிக் கேட்பது? வகுப்பில் நிற்கும் மிஸ்ஸிடம் கேட்கவே கேட்காதீர்கள், அவர் சொன்ன இடத்தில் போய் நிற்கிறார், அவ்வளவுதான். எச்.எம்.முக்கு ஒரு பக்கக் கடிதம்: இந்த வகுப்புக்கு இந்தப் பாடம் இப்போது எடுப்பவரின் கல்வித் தகுதி என்ன, தகுதியுள்ள ஆசிரியர் எப்போது வருவார். இரண்டு பிரதி எடுத்துப் போய் ஒன்றில் சீல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஸ்பீட் போஸ்ட், ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

பதினைந்து நாளில் ஒன்றும் நடக்கவில்லையா, தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. தனியார் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர் (தனியார் பள்ளிகள்) அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டுங்கள். "ஏன் நடவடிக்கை இல்லை?" என்று எழுதினால் பதில் வராது. ஆவணம் கேளுங்கள்: அங்கீகாரம் புதுப்பிக்கப் பள்ளி கொடுத்த ஆசிரியர் பட்டியலின் நகல். பெயரைக் கேட்டால் தனிப்பட்ட தகவல் என்று தட்டிக் கழிப்பார்கள், அதனால் பெயரை விட்டு வகுப்பு, பாடம், தகுதி மட்டும் போதும் என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அதே துறையின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம்.

அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போங்கள், அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான். தற்காலிக ஆசிரியர் நியமனம் அந்தக் குழு வழியாக நடந்திருக்கிறது. 2022இல் 13,331 பேரை அப்படி எடுக்க உத்தரவு வந்தபோது இடைநிலை ஆசிரியருக்கு (ஒன்று முதல் ஐந்து வரை எடுப்பவருக்கு) மாதம் 7,500 ரூபாய் என்றார்கள். அந்தக் காசு பெரம்பூரில் வீட்டு வாடகைக்கே காணாது. ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று அப்புறம் கேட்கிறார்கள்.

மனுவெல்லாம் நடக்கும்வரை நோட்டைத் தினமும் நீங்களே பாருங்கள். எங்கள் பள்ளிக்குப் பட்டயப் பயிற்சியும் டெட்டும் முடித்த மிஸ் செப்டம்பரில் வந்தார், பில் அக்கா கவுண்டருக்குத் திரும்பிவிட்டார். மகளுக்கு மட்டும் அவசரமாகக் கேட்டால் இன்னும் 54தான் வருகிறது.